இடது காலுக்குச் செருப்பு

டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வண்டி ஓட்டுவார். கதவைத் திறந்ததும் இருக்கையின் ஓரத்தில் பக்கவாட்டில் உட்காருவார். செருப்பு இரண்டையும் கழற்றி, ஒன்றோடொன்று தட்டி, ஒரு துணிப்பையில் போட்டு இடதுபக்க இருக்கைக்கு முன்னால் வைப்பார். பிறகு சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இரண்டு கால்களையும் சேர்த்தபடி உள்ளே திருப்புவார். வெறுங்காலில் மிதித்தால்தான் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று தெரியும் என்பது அவர் சொல்லும் காரணம். செருப்பைக் கீழே அப்படியே போட்டால் பிரேக்குக்கு அடியில் உருண்டுவிடும், அதற்குத்தான் பை.

முதல் நாள் இதை நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். வேடிக்கையாக இருந்தது. அப்போது வேறொன்றும் தோன்றவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். அதையும் முழுதாகப் படிக்கவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, பிறகு லாரியில் கிளீனர், பிறகு போர்வெல் வண்டியோடு ஒடிசா, சத்தீஸ்கர் என்று பல வருஷம் போயிற்று. இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. குழாய் இறக்கும்போது போனது. காயம் ஆறியதும் அதே வண்டியில்தான் ஏறினேன், வேறு வண்டி இல்லை. கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. ஒரே ஊரில் அதிக நாள் இருந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். மதுரைக்குத் திரும்பி வந்தபோது கையில் லைசென்ஸ் மட்டும் இருந்தது. ஆக்டிங் டிரைவராகச் சேர்ந்தேன். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் தேவைப்படும் நாளில் மட்டும் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, ராமேஸ்வரத்துக்கு. வேறொருவர் வண்டி, வேறொருவர் போகிற ஊர். எனக்கு அது ஒத்துவந்தது.

சிம்மக்கல்லில் பழைய கார் வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவன் எனக்குச் சிநேகிதன். அவன் மூலமாகத்தான் டீச்சரின் மகன் என்னை அழைத்தார். மகனுக்கு பெங்களூரில் வேலை. போனில் மரியாதையாகப் பேசினார். அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, பசுமலையில் ஒரு மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், பழைய காரின் கிளட்ச் கல் மாதிரி இருக்கிறது, இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியாக ஒன்று பார்க்க வேண்டும். அம்மாவோடு போய் நாலு வண்டி பார்த்துவிட்டு வர முடியுமா?

கடைசியில் ஒன்று சொன்னார்.

"அண்ணே, ஒண்ணு மட்டும். வண்டி எதுவும் சரிப்படலைன்னா அத்தோட நிறுத்திக்கிறதுன்னு அம்மாகிட்ட பேசியிருக்கேன். பழைய வண்டியை நீங்களே ஓட்டுங்க. மாசச் சம்பளமா போட்டுக்கலாம். பின்னாடி ஒரு ரூம் இருக்கு, தங்கிக்கிடலாம்."

அப்படியாக, வண்டி அமைந்தால் எனக்கு வேலை இல்லை, அமையாவிட்டால் அவருக்கு வண்டி இல்லை என்ற நிலைமையில்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கார் பார்க்கக் கிளம்பினோம். இது இரண்டு பேருக்கும் தெரியும். முதல் நாளே டீச்சர் அதைப் போட்டு உடைத்துவிட்டார்.

"நல்ல வண்டியைக் காட்டினா ஒனக்கு நஷ்டம்ல தம்பி?"

"எனக்கு ஒரே எடத்துல இருக்க முடியாது டீச்சர். அதைவிட நஷ்டம் வேற என்ன இருக்கு" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்தார்.

டீச்சர் வண்டி ஓட்டப் பழகியது ஐம்பது வயதுக்கு மேல். கணவர் இருந்தவரை ஸ்டியரிங் பக்கம் விட்டதில்லையாம். அவர் இறந்த பிறகு வண்டியை விற்கச் சொன்ன சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்திருக்கிறார். அன்று தொடங்கியது. தினமும் நாலு மணிக்கு டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். வேலை ஒன்றும் இருக்காது. நாகமலை புதுக்கோட்டை வழியாகச் செக்கானூரணி வரை போவார். மனம் இருந்தால் அதற்கும் மேலே உசிலம்பட்டி ரோட்டில், வயலும் தென்னந்தோப்புமாக இருக்கும் இடம் வரை. வழியில் எங்காவது நிறுத்திக் கத்தரிக்காய் வாங்குவார். ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு இம்புட்டு தூரமா என்று மகன் கேட்பாராம். காய் அங்கேதான் நல்லா இருக்கு என்பாராம். வீட்டில் வாங்கிய கத்தரிக்காய் சமைக்கப்படாமல் சுருங்கிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த நோய் நன்றாகத் தெரியும். என்னுடையதுதான் அது. அவருக்கு மட்டும் மாலையில் வீடு திரும்ப வேண்டியிருந்தது.

முதலில் பைபாஸ் ரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். மகன் முன்பே பேசி வைத்திருந்தார். வயதானவர்களுக்கு உயரமான வண்டிதான் நல்லது, குனிந்து ஏற வேண்டியதில்லை, சாலை முழுதும் தெரியும் என்று ஏதேதோ வீடியோக்களை வாட்ஸ்அப்பில் எனக்கும் அனுப்பியிருந்தார். ஷோரூம் நடுவில் அந்த வண்டி நின்றது. கோயில் யானை மாதிரி அகலம். விற்பனைப் பிரதிநிதி ஏறி உட்கார்ந்து காட்டினார். நான் ஏறி உட்கார்ந்தேன். ஜம்மென்று இருந்தது. வீடியோ அழைப்பில் மகன், இருக்கையைத் திருப்பிக் காட்டுங்கள், கண்ணாடியைக் காட்டுங்கள் என்று கேட்டார். காட்டினேன். மூன்று பேரும் நல்ல வண்டி என்று முடிவு செய்துவிட்டோம். டீச்சர் கைப்பையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றுகொண்டிருந்தார்.

பிறகுதான் அவரை ஏறச் சொன்னோம். அவர் வழக்கப்படி பக்கவாட்டில் உட்காரத் திரும்பினார். இருக்கை அவருடைய இடுப்புக்கு மேலே இருந்தது. உட்கார முடியவில்லை. ஒரு காலைத் தூக்கி வைத்து ஏறுங்கள் என்றார் பிரதிநிதி. அவர் ஒரு காலைத் தூக்கினார். சேலை தூக்கவிட்டது கொஞ்சம்தான். அதற்கு மேல் தூக்க வேண்டுமானால் சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்ற வேண்டும். அந்தக் கண்ணாடிக் கடையில், நாலு ஆண்கள் பார்க்க.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம், நானே பாதி நாள் கைலி கட்டுகிறவன். கைலியோடு லாரியில் ஏறும்போது மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியவன். பேன்ட் போட்ட மூன்று பேர் ஏறி இறங்கியும் வீடியோவில் பார்த்தும் சேலை கட்டினவருக்கு வண்டி பார்த்திருக்கிறோம்.

பிரதிநிதி ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். டீச்சர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இது வண்டியோட சேத்துக் குடுப்பீங்களா தம்பி?"

"ஏற்பாடு பண்ணலாம் மேடம்."

"அப்ப செக்கானூரணியில இறங்கும்போது இதை யாரு கொண்டாந்து போடுவா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். வீடு திரும்பும்போது பழைய வண்டியை அவரேதான் ஓட்டினார். ஒவ்வொரு தடவை கிளட்சை மிதிக்கும்போதும் மேலுதட்டைக் கடித்தார்.

அடுத்தது சிம்மக்கல். புரோக்கர் சிநேகிதன் ஆற்றோரத்துச் சந்தில் ஒரு நீளமான காரை நிறுத்தி வைத்திருந்தான். ஒரு பக்கம் மூட்டை இறக்கும் லாரி, மறுபக்கம் டவுன் பஸ், நடுவில் அது.

"மாப்ள, பெரியவுகளுக்குன்னே வந்த வண்டி இது. கட்டில்ல படுத்த மாதிரி இருக்கும்" என்றான்.

அவன் சொன்னது அப்படியே நடந்தது. டீச்சர் பக்கவாட்டில் உட்கார்ந்தார், உட்கார்ந்தார், உட்கார்ந்துகொண்டே போனார். அவ்வளவு தாழ்வு. உட்கார்ந்த பிறகு வண்டியின் மூக்கு அவருக்குத் தெரியவில்லை. ஏசியைக் கூட்டுவதற்குக்கூடத் திரையைத் தடவ வேண்டியிருந்தது. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் ஒரு திருகைத் திருக முடியாதா என்று கேட்டார். சிநேகிதன் இப்போதெல்லாம் எல்லாமே தடவுறதுதான் அம்மா என்றான். இறங்கும்போது இரண்டு கைகளையும் நான் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "கட்டில்ல படுக்கறதுக்கு நான் வீட்டுலயே இருந்துக்கிடுவேன்" என்றார்.

சிநேகிதன் என்னைத் தனியே இழுத்து, எதுக்குடா ஒனக்கு இந்த வேலை, பேசாம அந்த ரூம்ல போய்ப் படுத்து நிம்மதியா சாப்பிட வேண்டியதுதானே என்றான். சோறு, சம்பளம், கூரை மூன்றும் சேர்ந்து கிடைப்பது என் வாழ்க்கையில் அடிக்கடி நடந்ததில்லை. ஆனால் அந்த ரூமை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஒரு ஜன்னல், எதிரே மதில். அதை நினைத்தாலே எழுந்து நடக்கத் தோன்றியது.

மூன்றாவது வண்டி கப்பலூரில் இருந்தது. தொழிற்பேட்டையில் போல்ட், நட்டு செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தவரின் வண்டி. செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பட்டறைக்கு வந்தவர். மனைவி ஓட்டுவதற்காக வாங்கினாராம். மனைவி ஸ்கூட்டியே போதும் என்று சொல்லிவிட்டாராம். வெளிர் நீலத்தில், ரொம்பப் பெரிதுமில்லாத, ரொம்பத் தாழ்வுமில்லாத வண்டி.

இந்தத் தடவை நான் ஏறவில்லை. டீச்சரைத்தான் முதலில் விட்டேன். கதவைத் திறந்து, திரும்பி, உட்கார்ந்தார். இருக்கை சரியாக அவர் உட்காரும் இடத்தில் இருந்தது. குனியவும் இல்லை, ஏறவும் இல்லை. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டார். கால்களைச் சேர்த்துத் திருப்பினார். கதவு அகலமாகத் திறந்ததால் முழங்கால் இடிக்கவில்லை. இருக்கையை உயர்த்தும் பிடியை நான் காட்டினேன். நாலு தடவை இழுத்தார். மூக்கு தெரிந்தது. ஏசிக்குத் திருகு இருந்தது. அவர் அதை இரண்டு பக்கமும் திருகிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முகம்.

கிளட்ச் கிடையாது, இரண்டே பெடல், வலது கால் மட்டும்தான் வேலை செய்யணும், இடது காலை ஓரமா வச்சிருங்க என்று சொன்னேன். தெரியும், மகன் அனுப்பிய வீடியோவில் பார்த்திருக்கிறேன் என்றார். பட்டறை வாசலிலிருந்து சர்வீஸ் ரோட்டில் ஏறினார். நன்றாகத்தான் ஓட்டினார். இழுவை லேசாக இருக்கிறது என்றார். முனையில் ஒரு மினிவேன் வேகம் குறைத்துத் திரும்பியது. அவ்வளவுதான். இருபது வருஷமாக வேகம் குறைக்கும்போதெல்லாம் கிளட்சைத் தேடிப் போன இடது கால் தன் வேலையைச் செய்யப் போயிற்று. கிளட்ச் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அகலமான பிரேக் இருந்தது. கிளட்சை மிதிக்கிற மாதிரியே தரைவரை அழுத்திவிட்டது.

வண்டி குத்திட்டு நின்றது. பெல்ட் என் நெஞ்சை அறுத்தது. பின்னால் சிமெண்ட் ஏற்றிய லாரி டயர் தேய நிற்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பின்கண்ணாடி முழுவதும் லாரியின் முகம். டிரைவர் இறங்கி வந்து, ஓட்டுபவரைப் பார்த்ததும் சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிக்கொண்டு திரும்பிப் போனார். திட்டியிருந்தால் டீச்சருக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். அவர் கைகள் ஸ்டியரிங்கில் அப்படியே இருந்தன.

"என் காலுதான்" என்றார். "நான் சொல்லவே இல்ல, அது போயிருச்சு."

இறங்கி இடதுபக்கம் வந்து உட்கார்ந்தார். நான் வண்டியைப் பட்டறையில் விட்டேன்.

அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் செய்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். மறைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அது தோன்றியிருக்காது. மகன் கோபப்படவில்லை. நிம்மதி அடைந்த குரலில் பேசினார் என்பதுதான் டீச்சருக்கு வலித்தது. சரிம்மா, இனி வேண்டாம், அடுத்த சனிக்கிழமை நான் வர்றேன், எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்றாராம். அதுவரை அண்ணன் ஓட்டட்டும்.

டீச்சர் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"ஒனக்கு வேலை கெடச்சிருச்சு. எனக்குப் போயிருச்சு" என்றார்.

பின்பக்க ரூமில் தங்கி நான் ஓட்டத் தொடங்கினேன். நாலு மணிக்கு டீ, பிறகு செக்கானூரணி. அவர் இடதுபக்கம் உட்கார்ந்து வந்தார். அவரைப் போல ஒரு மோசமான பயணியை நான் ஏற்றியதே இல்லை. இண்டிகேட்டர் போடு என்பார், நான் போட்ட பிறகு. ஆடு நிக்குது பாரு என்பார், அது வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய இரண்டு கால்களும் தரைவிரிப்பை அழுத்தும். ஏறியதும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிடுவார், பிறகு இல்லாத கிளட்சும் இல்லாத பிரேக்கும் அங்கே மிதிபடும். பெருவிரல்கள் நெளியும். எனக்கும் விரல் நுனி போன புதிதில் இப்படித்தான் இருந்தது. தீப்பெட்டியைப் பிடிக்கப் போனால் இல்லாத நுனிதான் முதலில் போகும். அதற்குச் சொன்னால் புரியாது. அதை அவரிடம் சொன்னேன். எத்தனை நாளில் சரியாயிற்று என்று கேட்டார். சரியாகிவிட்டதா என்றே தெரியவில்லை டீச்சர், பழகிட்டேன் என்றேன். இது அவருக்கு ஆறுதலாக இல்லை.

இரவில் அவர் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருப்பதை அந்த ரூமிலிருந்து கேட்க முடிந்தது. நானும் படுக்கவில்லை என்பது அவருக்குக் கேட்டிருக்கும்.

ஒரு நாள் மழை பெய்து விட்டிருந்தது. நாகமலை தாண்டி நிறுத்தி இறங்கியதில் செருப்பில் சேறு. துணிப்பை அழுக்காகும் என்று கழற்றாமலே ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் எனக்கு என்னவோ குறைந்த மாதிரி இருந்தது. அவர் சத்தமே போடவில்லை. ஒரு டிராக்டர் குறுக்கே வந்தது. நான் பிரேக் போட்டேன். அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்னொரு தடவை போடு."

"என்னத்த டீச்சர்?"

"பிரேக்கைத்தான். சொல்லாம போடு."

பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுப் போட்டேன். அவர் கால்கள் அசையவில்லை. சேற்றுச் செருப்போடு விரிப்பின் மேல் அப்படியே கிடந்தன. ஓரமாக நிறுத்தச் சொன்னார். செருப்புகளைக் கழற்றினார். வண்டி எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை நான் பிரேக்கைத் தொட்டதும் இரண்டு பாதங்களும் பாய்ந்தன.

"செருப்பு கெடந்தா நம்ம வெளிய எங்கயோ நிக்கிறோம்னு நெனச்சுக்கிடுது. கழட்டினாத்தான் வேலைன்னு நெனைக்குது" என்றார். இடது செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்ப எடது காலுக்கு மட்டும் போட்டுக்கிட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் பரண் மேலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன பழைய செருப்பு இருந்தது, குதிகாலைச் சுற்றி வார் உள்ளது. கழன்று விழாது. இடதை மட்டும் எடுத்துக்கொண்டு வலதைப் பெட்டியில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய ஆராதனை முடிந்து நேரே கப்பலூருக்குப் போனோம். பட்டறைகள் மூடிக் கிடந்தன. பட்டறைக்காரரிடம் டீச்சரே பேசினார். இந்த வண்டியை எனக்கு ஓட்ட முடியுமான்னு பாக்கணும், முடியலைன்னா வாங்க மாட்டேன், அன்னைக்கு நடந்ததையும் ஒளிக்கல என்றார். பட்டறைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"அம்புட்டும் காலி ரோடுதான் டீச்சர். ஓட்டிப் பாருங்க. செவுத்துல மட்டும் ஏத்தாதீக" என்றார்.

டீச்சர் பக்கவாட்டில் உட்கார்ந்தார். வலது செருப்பைக் கழற்றினார். இடது காலில் வாரை இறுக்கினார். உள்ளே திரும்பி, இடது காலை ஓரத்தில் வைத்து, அதைக் கையால் ஒருமுறை தட்டினார்.

நான் பட்டறைக்காரரிடம் காலித் தண்ணீர் கேன் ஒன்று வாங்கிக்கொண்டு ரோட்டோரத்து வேப்பமரங்களுக்குப் பின்னால் போய் நின்றேன். எந்த மரத்திலிருந்து எறிவேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. வண்டி வரும். நான் கேனை எறிவேன். அது குதித்துக்கொண்டு ரோட்டில் உருளும். அவர் நிறுத்த வேண்டும். பட்டறைக்காரர் பக்கத்து இருக்கையில் அமர்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். முதல் தடவை செருப்புப் போட்ட கால் அரை அங்குலம் எழும்பி மறுபடி உட்கார்ந்ததாம். வண்டி நின்றது, கொஞ்சம் தள்ளி. இரண்டாம் தடவையும் எழும்பியதாம். அடுத்தடுத்து எறிந்துகொண்டே இருந்தேன். ஒருமுறை தாமதமாக எறிந்துவிட்டேன், கேன் சக்கரத்துக்கு அடியில் போய் அப்பளமானது. பட்டறைக்காரர் இறங்கிவந்து அதைத் தூக்கிப் பார்த்தார்.

"கேன்காரன் கேட்டா, மாடு மிதிச்சிருச்சுன்னு சொல்லிக்கிடுறேன்" என்றார்.

வேறு கேன் கொண்டுவந்தார். நிழல் நீளும்வரை ஓட்டினார் டீச்சர். வேர்த்து ஒழுகியது, ஏசியை மட்டும் கூட்டவில்லை. கேன் விழும் சத்தம் கேட்காமல் போய்விடுமாம். கடைசியில் நான் எறிந்து எறிந்து தோள் வலித்து உட்கார்ந்துவிட்டேன். இடது கால் எழும்பவே இல்லை, தூங்குது என்று பட்டறைக்காரர் ஜன்னல் வழியே அறிவித்தார்.

அந்த வாரம் முழுவதும் அவர் பழைய வண்டியைத் தொடவில்லை. பழைய வண்டியில் ஏறினால் இடது கால் மறுபடி வேலைக்குத் திரும்பிவிடும் என்று சொல்லிவிட்டார். நாலு மணிக்கு என்னைக் கப்பலூருக்கு ஓட்டச் சொல்வார், அங்கே வண்டி மாற்றிக்கொள்வார். முதலில் தொழிற்பேட்டைக்குள், பிறகு சர்வீஸ் ரோட்டில், பிறகு திருமங்கலம் வரை. முனையில் அந்த மினிவேன் திரும்பிய இடம் வரும்போது மட்டும் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடுவார்.

எனக்கும் ஒரு போன் வந்தது. கதிர் அறுக்கும் மெஷினோடு போகும் பழைய சிநேகிதர்கள் தென்காசிப் பக்கம் கிளம்புகிறார்கள், ஆள் வேண்டும் என்றார்கள். வாரேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அந்த ரூமில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை மகன் வந்தார். சோர்ந்த, நல்ல மனிதர். அம்மாவுக்குப் பிடித்த இனிப்பு வாங்கி வந்திருந்தார். உட்கார்ந்து பேசலாம்மா என்றார். டீச்சர் உட்காரவில்லை. தம்பியைத் திருமங்கலத்தில் பஸ் ஏத்திவிடணும், வா, போகும்போது பேசிக்கிடலாம் என்றார். வெளிர் நீல வண்டி வாசலில் நின்றது. பட்டறைக்காரர் காலையிலேயே கொண்டுவந்து விட்டிருந்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் என் பையைத் தூக்கிக்கொண்டு பின் இருக்கையில் ஏறிவிட்டேன்.

மகன் முன்னால் உட்கார்ந்து ஒரு கையால் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் வலது செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு அவர் காலடியில் வைத்தார். இடது காலில் வாரை இறுக்கியதை மகன் பார்த்தார். பசுமலை இறக்கத்தில் அரைநாள் பள்ளி விட்டுச் சைக்கிள்கள் வந்தன. ஊர்ந்து போனார். திருப்பரங்குன்றம் தாண்டியதும் மகன் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார். கப்பலூர் முனை வந்தது. நான் முன் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மினிவேன் வரவில்லை. பைக்கின் இரண்டு பக்கமும் புல்லுக்கட்டு தொங்க ஒருவர் இடதுபக்கச் சந்திலிருந்து நேராக ரோட்டுக்கு வந்தார். எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. மகனுடைய இரண்டு கால்களும் விரிப்பை அழுத்தியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். வண்டி மெல்லத் தணிந்து, கொஞ்சம் தலையைச் சாய்த்து நின்றது. புல்லுக்கட்டு எங்கள் மூக்கை உரசாமல் கடந்தது. பின்னால் வந்த பஸ் ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

டீச்சர் மூச்சை விட்டார். "நீ எங்கடா பிரேக் போட்ட?" என்று மகனைக் கேட்டார்.

மகன் குனிந்து தன் கால்களையும் பிறகு அம்மாவின் கால்களையும் பார்த்தார். "அம்மா, அந்த ஒத்தச் செருப்பு?"

"அது ரிட்டயர்டு ஆயிருச்சு. பென்ஷன் வாங்கிக்கிட்டு சும்மா இருக்கு."

மகன் உடனே சிரிக்கவில்லை. திருமங்கலம் நெருங்கும்போதுதான் தோள் குலுங்கச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிபந்தனைகள் சொன்னார். இருட்டின பிறகு ஓட்டக் கூடாது. நாலு வழிச்சாலையில் ஏறக் கூடாது. முழங்கால் வலது பக்கமும் தொடங்கினால் அன்றைக்கே சொல்ல வேண்டும். டீச்சர் கடைசியானதற்கு மட்டும் சரி என்றார். மற்ற இரண்டுக்கும் பார்க்கலாம் என்றார்.

பஸ் நிறுத்தத்தில் இறங்கினேன். மகனும் இறங்கி, அண்ணே, அந்த ரூம் இருக்கு, எப்பனாலும் வாங்க என்றார். தலையாட்டினேன். டீச்சர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே ஜன்னலை இறக்கினார்.

"தென்காசிக்கு இங்கேயிருந்து எம்புட்டு நேரம் தம்பி?"

"பஸ்ல மூணு மணி நேரம் ஆகும் டீச்சர். எதுக்கு?"

"சும்மா கேட்டேன்" என்றார். மகன் ஏறி உட்கார்வதற்குள் முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வண்டி போயிற்று. கொஞ்சம் தள்ளி நடுத்தடுப்பில் திறப்பு இருக்கும் இடத்தில் திரும்பித்தான் அவர்கள் மதுரைப் பக்கம் வர வேண்டும். ராஜபாளையம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுய்யா என்றார். நான் எதிர்ப்பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் போய்விட்டது. வெளிர் நீலம் லாரிகளுக்கு நடுவில் வந்தது, அளவான வேகத்தில். மகன் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் ரோட்டைத்தான் பார்த்தார். அவர் என் பக்கம் திரும்பியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

வண்டி பாலத்தில் ஏறி மறைந்ததும் எனக்கு உள்ளங்கால் அரிக்கத் தொடங்கியது. அடுத்த பஸ் எப்போது என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன்.